கொனாடு உட்கார மறுத்த பெஞ்சு

தலைநகர் அக்ராவிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் மூன்று வரி இருந்தது. கொனாடுவிடம் நாங்கள் கொடுத்த பச்சைச் சீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான்: நலம். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் முத்திரை குத்திய கை என்னுடையது.

டெச்சிமானில் எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் எனக்கு நேஷனல் சர்வீஸ் வருடம், படிப்பு முடித்தவர்கள் அரசுக்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஒரு வருட வேலை. படிப்பு முடித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அக்டோபர் பிறந்ததும் அக்ராவில் உள்ள ஓர் அறக்கட்டளை ரோஸ் நிறப் பேருந்து ஒன்றை அனுப்பி வைத்தது. உள்ளே மேமோகிராம் மெஷின், அதாவது மார்பை நசுக்கி எக்ஸ்ரே எடுப்பது. கிழங்குச் சந்தை ஓரமாக ஐந்து நாள் நின்றது. ஸ்பீக்கரில் பாட்டு, எல்லோருக்கும் ரோஸ் டி-ஷர்ட், குடிக்கத் தண்ணீர் பாக்கெட். மெஷினை ஓட்டியது நான். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அந்த ஐந்து நாளும் எனக்குக் கால் தரையில் படவில்லை, அப்படி ஒரு சந்தோஷம். படம் இன்டர்நெட்டில் அக்ராவுக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். திட்ட அலுவலர் மிஸ்டர் டார்க்வா அதை லேப்டாப்பில் பார்த்து "பச்சை" என்பார் அல்லது "சிவப்பு" என்பார். நான் குத்துவேன். பச்சை என்றால் வீட்டுக்கு. சிவப்பு என்றால் குமாசிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. வரிசையில் காத்திருந்த டாக்ஸிக்காரன்கூட இதைப் புரிந்துகொண்டுவிட்டான், அவ்வளவு எளிது.

வெள்ளிக்கிழமை பேருந்து கிளம்பிப் போனது. திங்கட்கிழமை மிஸ்டர் டார்க்வா ஓர் அட்டைப்பெட்டியை என் மேஜையில் வைத்து, "செர்வா, ரிப்போர்ட்டெல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சு. ரெக்கார்டு ரூம்ல அடுக்கிரு" என்றார்.

என்னால் ஒரு காகிதத்தைப் படிக்காமல் அடுக்க முடியாது. படித்தேன்.

முதல் வரி: கட்டி எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வரி: மார்பின் அடர்த்தி, வகை டி, மிக அடர்த்தி. மூன்றாவது வரி: இந்த அடர்த்தியில் சிறு கட்டிகள் மறைந்திருக்கக்கூடும், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கவும்.

அடுத்த காகிதம். அதே மூன்று வரி. அடுத்ததில் மூன்றாவது வரி இல்லை. அதற்கடுத்தது, அதே மூன்று வரி.

எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், நெருக்கமான சதை வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். கொழுப்பு நிறைந்த மார்பில் கட்டி இருந்தால் ராத்திரி வானத்து நிலா மாதிரி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அடர்த்தியான மார்பில், சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை. வயது குறைந்த பெண்களுக்கு அடர்த்தி அதிகம். எங்கள் சந்தையில் வந்தவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டாதவர்கள். இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு முறை எண்ணினேன். எண்பத்தேழு பேருக்கு மூன்றாவது வரி இருந்தது. எண்பத்தேழு பேருக்கும் பச்சை.

எழுபதாவதோ என்னவோ, அதில்தான் கொனாடுவின் பெயர் இருந்தது. வயது நாற்பத்தொன்று. முகம் உடனே ஞாபகம் வந்தது. பேருந்துக்குள் உச்சி முதல் பாதம் வரை துக்கக் கறுப்பு உடுத்தி வந்தவள் அவள் ஒருத்திதான். மெஷின் தட்டு இறங்கி மார்பை அழுத்தியபோது மற்றவர்கள் முனகினார்கள், அவள் மட்டும் சத்தமாகச் சொன்னாள்: "எய், செத்துப்போன என் மனுஷன்கூட என்னை இப்படி நசுக்கினதில்ல நர்ஸு! இந்த மெஷினுக்குப் பொண்டாட்டி இருக்காளா இல்லையா?" வெளியே வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.

பிறகு ரவிக்கையை மாட்டிக்கொண்டே, குரலைத் தணித்து ஒன்று சொன்னாள். "கையத் தூக்கிக் கூடைய எறக்கறப்போ இங்க என்னமோ மாட்டுது. கட்டின்னு சொல்ல மாட்டேன். கொக்கி மாதிரி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின் பாத்துக்கும்க்கா." சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். ஃபாரத்தில் எழுதவில்லை. ஒரு எழுத்துக்கூட.

அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே நிர்வாக அறைக்குப் போனேன். மிஸ்டர் டார்க்வா மிச்சமிருந்த டி-ஷர்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மூணாவது வரி."

"எந்த மூணாவது வரி?"

"ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. எண்பத்தேழு பேருக்கு. நாம எல்லாருக்கும் பச்சை குடுத்திருக்கோம்."

"கட்டி இருக்குன்னு எழுதியிருக்காரா?"

"இல்ல."

"அப்ப பச்சை."

"கட்டி இல்லன்னு அவர் சொல்லல சார். எனக்குத் தெரியல, வேற மெஷின்ல பாருங்கன்னு சொல்றாரு. ரெண்டும் ஒண்ணா?"

அவர் ஒரு சட்டையை உதறி மடித்தார். கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

"பாரும்மா. எண்பத்தேழு பொம்பளைங்களைக் கிளப்பிவிட்டு எங்க அனுப்புவ? இந்த ஆஸ்பத்திரில இருக்கறது ஒரே ஒரு ஸ்கேன் மெஷின். வாசல்ல வயித்தத் தள்ளிக்கிட்டு நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. அடர்த்தி, கிடர்த்தின்னு சொன்னா பயந்துருவாங்க. பயந்தவ அடுத்த அக்டோபர் நம்ம பஸ்ஸுக்கு வரமாட்டா, மூலிகைக்காரன்கிட்ட போவா."

"பயப்படுவாங்கன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"சீட்டுல ரெண்டு கலர்தான் இருக்கு. மூணாவது கலர் இல்ல. சீட்டு அச்சடிச்சாச்சு."

"அப்ப நாம அச்சடிச்சது பொய் சார்."

அவர் கை நின்றது. "உன் சர்வீஸ் சர்டிபிகேட்ல யாரு கையெழுத்துப் போடணும்னு தெரியுமில்ல? போய் அடுக்கு."

அடுக்கினேன். அதற்கு முன் எண்பத்தேழு பெயரையும் போன் நம்பரையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பேனா காகிதத்தைக் கிழித்தது, அவ்வளவு அழுத்தி எழுதினேன்.

மறுநாள் மதியம் சந்தைக்குப் போனேன். முதலில் கொனாடு. மற்றவர்களிடம் நான் பேசுவதற்கு முன் அவளிடம் பேசியாக வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவள் வாயைத் திறந்து சொன்னாள்.

கிழங்குக் குவியலின் மேல் கறுப்புத் துணியில் கறுப்புத் தலைக்கட்டோடு உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இதுக்கு விலை பேசறியா? உங்கம்மா உனக்குப் பால் குடுக்கறப்பவும் பேரம் பேசினியா? எடு, எடு, இல்லன்னா நகரு." என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "எய், நசுக்கற நர்ஸு! வா, உக்காரு."

நான் உட்காரவில்லை. நின்றபடியே மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையில் வெள்ளை. மூன்று வரி. சீட்டில் இல்லாத வரி.

அவள் ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதாவது, இதோட தோலப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க. உள்ள அழுகியிருக்கான்னு தெரியாது."

"ஆமா."

"நாங்கல்லாம் தட்டிப் பாப்போம். சத்தம் காட்டிக் குடுத்துரும்."

"அதேதான்க்கா! இந்த மெஷினும் சத்தத்த உள்ள அனுப்பித்தான் பாக்கும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். ஆஸ்பத்திரிலயே இருக்கு. வலிக்காது, நசுக்காது."

"இத மொதல்லயே செய்யறதுக்கு என்ன? சரி, எங்க வரணும்?"

"பிரசவ வார்டுக்குப் பக்கத்துல. ஸ்கேன் ரூம்."

கிழங்கைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பை யாரோ துடைத்தெடுத்த மாதிரி ஆனது.

"ஸ்கேனா? அந்தப் பெஞ்சுலயா?"

"ஆமா."

"உனக்குக் கண்ணு இருக்கா? நான் என்ன கட்டியிருக்கேன் பாரு." துணியை இரண்டு கையாலும் பிடித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "எம்புருஷன் அசாரே போயி எட்டு மாசம். இன்னும் நாலு மாசம் நான் இதக் கட்டணும். டெச்சிமான்ல ஒரு கொழந்தையக் கேளு, ஸ்கேன் பெஞ்சுல யாரு உக்காருவான்னு. கறுப்புத் துணியோட நான் அங்க போயி உக்காந்தா, நான் எந்திரிக்கறதுக்குள்ள என் பெட்டி தெருவுல கெடக்கும்."

அவள் இருப்பது கணவனின் குடும்ப வீட்டில். வருடம் முடிவதற்குள் விதவை வயிற்றில் குழந்தை என்றால் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு ராத்திரிகூட இடமில்லை. நாத்தனார் பினமாங் அடுத்த வரிசையிலேயே கிழங்கு விற்கிறாள். அந்த நேரத்தில்கூட கழுத்தை நீட்டி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசம் கழிச்சு துக்கம் முடிஞ்சு வெள்ளை கட்டுவேன். மறுநாளே வர்றேன். போ."

"நாலு மாசம் காத்திருக்க முடியாதுக்கா."

"நீதான நலம்னு குத்தின! நலமா இருக்கறவளுக்கு நாலு மாசம் என்ன?" பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி நீளமாக ஒரு சத்தம் எழுப்பினாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு அவமானம் இல்லை. பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஸ்கேன் எடுக்கும் அடோமாகோவைப் பிடித்தேன். ஐம்பது வயது, நாளெல்லாம் குழந்தைத் தலையை அளந்து அளந்து சலித்த மனிதர்.

"மார்புக்கா? மார்புக்கு யாரும் வந்ததே இல்லையேம்மா. அதுக்கு மெஷின்ல மாட்டற தலை வேற வேணும், தட்டையா இருக்கறது."

"இல்லையா?"

"இருக்கு. அலமாரில. மெஷின் வந்த நாள்லேருந்து அலமாரிலதான் இருக்கு." திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நான் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். வெளியே பெஞ்சிலிருந்த ஒரு கர்ப்பிணி திடுக்கிட்டுப் பார்த்தாள். நம்பிக்கையோடு பேருந்துக்கு வந்த இருநூறு பெண்கள், இருபது அடி தூரத்தில் உறை பிரிக்காமல் ஒரு கருவி.

"கோபப்படாத," என்றார் அடோமாகோ. "டாக்டர் கையெழுத்தோட சீட்டு கொண்டா, பாக்கறேன். கொஞ்சம் படிச்சுட்டு வர்றேன், கை விட்டுப்போச்சு."

"பின்பக்கமா கூட்டிட்டு வரலாமா?"

"பின்கதவு பிரசவ வார்டுக்குள்ள தொறக்குது. கறுப்புத் துணியோட அது வழியா வந்தா இன்னும் மோசம். பெஞ்சு பெஞ்சுதான்."

டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். புதன்கிழமை மறுபடி சந்தைக்குப் போனேன். கொனாடு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குவியலுக்குப் பின்னால், சாக்குகள் அடுக்கிய இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். இழுத்தேன் என்றால் நிஜமாகவே இழுத்தேன்.

"எங்க மாட்டுதுன்னு காட்டுக்கா."

முறைத்தாள். அப்புறம் என் விரலைப் பிடித்து, துணிக்குள் விட்டு, இடது மார்பின் வெளி ஓரத்தில் அக்குளுக்குக் கீழே அழுத்தினாள். விரலுக்கு அடியில் இருந்தது. சின்னக் கூழாங்கல் மாதிரி, கடினமாக, நகராமல்.

"எத்தன நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். "பஸ்ஸுல நீ சொன்னத நான் எழுதலக்கா. கேட்டேன். வரிசை பெருசா இருந்துச்சு. மெஷின் பாத்துக்கும்னு நெனச்சேன். எழுதியிருந்தா உனக்குப் பச்சை வந்திருக்காது."

அவள் என் விரலை உதறினாள்.

"கேட்டியா? காதுல விழுந்துச்சா உனக்கு?"

"விழுந்துச்சு."

"ஊமையா இருந்தா ஒரு நியாயம். வாயத் தொறந்து சொன்னேன்டீ! ஆம்பளைங்க நிக்கற எடத்துல, வெக்கத்த விட்டு, மெதுவா, உங்கிட்ட சொன்னேன்! என் மார வெளிய எடுத்து உங்க இரும்புக்குள்ள வெச்சேன்! அதுக்கு நீ குடுத்தது ஒரு பச்சைக் காகிதம். அத நான் கண்ணாடிச் சட்டத்துல சொருகி வெச்சிருக்கேன் தெரியுமா, அசாரே போட்டோவுக்குப் பக்கத்துல!" சாக்கின் மேல் ஓங்கிக் குத்தினாள். தூசி பறந்தது. "நாளைக்கு வர்றேன். உனக்காக இல்ல. வந்து அந்த மெஷின் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு, அப்புறம் உன்னைப் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தாள். கறுப்பை மாற்றவில்லை, மறைக்கவில்லை. முந்தின நாளைவிடக் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது துணி. நடைபாதையில் அவள் வந்ததும் பெஞ்சில் இருந்த அத்தனை வயிறும் அவள் பக்கம் திரும்பியது. அவள் நடுவில், இரண்டு கர்ப்பிணிகளுக்கு நடுவே, இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தி எழுந்து தள்ளிப் போய் நின்றாள். தண்ணீர் பாக்கெட் விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவள் யாருக்குப் பேசினாள் என்று கேட்கவே வேண்டாம்.

இருபது நிமிடத்தில் பினமாங் வந்துவிட்டாள். கையில் கிழங்கு மண், இடுப்பில் அவிழ்ந்த துணி, நடைபாதை முனையிலிருந்தே கை தட்டிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் வாங்க! வந்து பாருங்க! என் தம்பி மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள அவன் பொண்டாட்டி எங்க உக்காந்திருக்கா பாருங்க!"

"மாருக்கு வந்திருக்கேன் அண்ணி," என்றாள் கொனாடு. நிமிரவில்லை. "கத்தாத."

"மாருக்கா! கேட்டுக்கோங்க! மாருக்கு ஸ்கேனாம்!" பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "மாருக்குத்தான் ரோஸ் பஸ் வந்துச்சே! உனக்குப் பின்னாடி நான் நின்னேனேடி! உனக்குப் பச்சைதான குடுத்தாங்க? சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கியே! மாரு நல்லாருக்குன்னு அச்சடிச்சுக் குடுத்திருக்கு. அப்பறம் எதுக்கு இங்க உக்காந்திருக்க? எந்த வயித்துக்கு?"

கொனாடு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊரே பயப்படுகிற அந்த வாய்க்கு அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அவள் சொல்ல என்ன இருந்தது? பச்சைச் சீட்டு உண்மை என்றால் அவள் பொய். நாங்கள் அவள் நோயை மறைத்தது போதாதென்று, அவள் மானத்துக்கு எதிராகச் சாட்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நான் ஸ்கேன் அறை வாசலில் நின்றிருந்தேன். நடைபாதையின் மறுமுனையில் மிஸ்டர் டார்க்வா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"அந்தச் சீட்டு தப்பு!" என்று கத்தினேன். என் குரல் கீச்சென்று வந்தது. "கேக்குதா? அந்தச் சீட்டு தப்பு. குத்தினது நான். கட்டி இல்லன்னு அக்ரா டாக்டர் எழுதவே இல்ல. சரியாத் தெரியல, ஸ்கேன் எடுங்கன்னு எழுதினாரு. அந்த வரிய நாங்க உங்க யாருக்கும் குடுக்கல. இவங்கள இங்க வரச் சொன்னது நான். மாருக்குத்தான். டாக்டர் கையெழுத்து இதோ இருக்கு, படிக்கத் தெரிஞ்சவங்க வந்து படிங்க!"

யாரும் படிக்க வரவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது. பெஞ்சின் ஓரத்தில் எட்டு மாத வயிறோடு இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "எங்கக்காவுக்கும் பச்சைதான் குடுத்தீங்க. அவளுக்கு எத்தன வரி?"

"எனக்கு?" என்றாள் தண்ணீர் பாக்கெட் பெண். போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

"எங்கம்மாவுக்கு?"

"செர்வா!" மிஸ்டர் டார்க்வா அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். "உள்ள போ! இப்பவே உள்ள போ!"

"எங்கிட்ட நோட்டு இருக்கு," என்றேன் அந்தப் பெண்களிடம். "ஒவ்வொருத்தரா தனியா வாங்க, அவங்கவங்களோடதச் சொல்றேன். யாரோடதையும் சத்தமாச் சொல்ல மாட்டேன்." அவரிடம் திரும்பி, "சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடலன்னா போங்க சார்" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் நான்கைந்து பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வரிகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மாத வயிறு முன்னால் வந்து வழி மறித்தால் எந்த அலுவலராலும் தள்ளிக்கொண்டு போக முடியாது.

பினமாங் மட்டும் விடவில்லை. "நான் எதையும் நம்பமாட்டேன். இந்தச் சின்னப்புள்ளய இவ பேசி வெச்சிருப்பா."

கொனாடு எழுந்தாள். நாத்தனாரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "நம்பாத. உள்ள வா. அந்தக் குச்சிய எங்க வெக்கறாங்கன்னு உன் கண்ணாலயே பாரு. வயித்துல வெச்சா நானே என் பெட்டியத் தெருவுல வெச்சிக்கறேன்."

உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். அடோமாகோ கதவைச் சாத்தினார். கொனாடு படுத்தாள், கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், கறுப்பு ரவிக்கையை அவிழ்த்தாள். அவர் ஸ்கேன் பசையைப் பிழிந்து தட்டைத் தலையை வைத்தார். பினமாங் கால்மாட்டில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

திரையில் சாம்பல் நிறச் சதை நாரும் நரம்புமாக அலையலையாக ஓடியது. எக்ஸ்ரேயில் நான் பார்த்த அந்த வெள்ளைச் சுவர் இங்கே சுவராக இல்லை. அடோமாகோவின் கை அக்குள் பக்கம் நகர்ந்து நின்றது. முன்னும் பின்னும் அசைத்தார். மறுபடி நின்றது.

கறுப்பாக இருந்தது. விளிம்பு சரியில்லை, பிய்ந்த துணி மாதிரி. படுத்த வாக்கில் இல்லை, நின்ற வாக்கில் இருந்தது. அதன் கீழே ஒரு நிழல். கெட்ட கட்டிக்கு இதுதான் அடையாளமென்று நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

அவர் அளந்தார். உச்சுக் கொட்டினார்.

"கொட்டாத," என்றாள் கொனாடு படுத்தபடியே. "வார்த்தையாச் சொல்லு. இந்தத் தடவை எல்லா வரியையும் சொல்லு."

அடோமாகோ என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"இருக்கும்மா. ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர். பாக்கறதுக்கு நல்லதா இல்ல. ஊசி போட்டு அதுலேருந்து கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் கேன்சரா இல்லையான்னு உறுதியாச் சொல்ல முடியும். இங்க அதுக்கு வசதி இல்ல, குமாசில செய்வாங்க. அக்குள்ளயும் பாத்தேன், அங்க இப்போதைக்கு எதுவும் தப்பாத் தெரியல. இன்னும் சின்னதுதான். நாலு மாசம் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

கொனாடு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பச்சை," என்றாள். அவ்வளவுதான். அது எனக்குச் சொன்னது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, குனிந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டி வரும், அந்த வேலையை அவளுக்குக் கொடுக்கும் உரிமை எனக்கில்லை.

"மிச்சப்பேரு எத்தன?" என்று அடோமாகோ என்னிடம் கேட்டார்.

"எண்பத்தாறு."

"மூணு மணிக்கு மேல பெஞ்சு காலியாயிரும். தெனம் நாலஞ்சு பேரா அனுப்பு. எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு." சீட்டை எழுத ஆரம்பித்தார். "குமாசில மாருக்குன்னு தனி கிளினிக் செவ்வாய்க்கிழமை. நான் போன் பண்ணி வெக்கறேன்."

கொனாடு எழுந்து உட்கார்ந்தாள். "செவ்வாய் முடியாது. சலாகாவுலேருந்து கிழங்கு லாரி வருது. நான் நிக்கலன்னா டிரைவர் அழுகினதெல்லாம் என் தலைல கட்டிட்டுப் போயிருவான். புதன் போறேன்."

"புதன் கிளினிக் இல்லம்மா."

"அப்ப அடுத்த செவ்வாய்."

"லாரிய நான் எறக்கறேன்."

பினமாங். சுவரில் சாய்ந்திருந்தாள், கை இடுப்பில் இல்லை. எப்போது சாய்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் கண் இன்னும் திரையை விட்டு நகரவில்லை.

"நீயா?" என்றாள் கொனாடு. "போன வருஷம் உன் லாரிலயே பாதி அழுகல்."

"வாய மூடு. செவ்வாய்க்கிழமை நீ குமாசிக்குப் போற. கூட யாரும் வரமாட்டேன்னா என் மகளை அனுப்பறேன்."

"கறுப்போட போனா அங்க என்ன பேசுவாங்களோ. நீதான ஊரக் கூட்டின, நீயே சொல்லு."

பினமாங்குக்கு முகம் சுண்டியது. மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவள். கோபத்தில்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

"எவ பேசுவா? பேசறவ என் முன்னாடி வந்து பேசட்டும். வெளிய போயி அந்தத் தண்ணிப் பாக்கெட்டுக்காரி போன மொதல்ல புடுங்கறேன் பாரு."

"போன் பண்ணினது அவ. ஓடி வந்தது நீ."

"வந்தேன். இப்ப என்னங்கற? அக்குள்ல இருக்கற பசையத் தொடை, துணி வீணாப்போகுது."

கொனாடு துடைத்தாள். ரவிக்கையை மாட்டினாள். அடோமாகோ கொடுத்த காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள். "படி. ஒரு வரி விடாம." நான் நின்றபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன், டாக்டர் பெயர், தேதி எல்லாம். அவள் கேட்டுவிட்டு அதை நான்காக மடித்து இடுப்பில் சொருகினாள்.

இருவரும் கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்குப் போனார்கள். பெஞ்சைத் தாண்டும்போதும் சண்டை ஓயவில்லை.

"டிரைவர் மேல இருக்கறத மட்டும் காட்டுவான். அடியில இருக்கறத எடுத்துத் தட்டிப் பாக்கணும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா நீ? நான் கிழங்கு வித்தப்போ நீ பள்ளிக்கூடத்துல மூக்கு ஒழுகிட்டு நின்ன."

"தட்டிப் பாரு அண்ணி. ஒண்ணு விடாம தட்டிப் பாரு."

"பாக்கறேன்டி. நட."